பானையில் பாம்பு, பெட்டியில் நத்தை: கிழக்குக் கடற்கரையில் ஆறு நாள்

முதல் நாள்: வடநெம்மேலி

எங்கள் கடையில் 'ப்ரில்' என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரைகளுக்குத் தனித் தட்டே உண்டு. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். மாதச் சாமான் மாதிரி வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் காலையில் இட்லிக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள்கிறவன்தான். திருச்சியில் 22 வருடமாக மருந்துக் கடை வைத்திருந்தும், இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பாம்பு விஷத்தில் பிறந்தது என்பது எனக்குத் தெரியாது. என் அண்ணன் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு குழிவிரியன். அது கடித்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். ஏன் இறங்குகிறது என்று 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற அந்த ஊர் விஞ்ஞானி நோண்ட ஆரம்பித்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வேறு சிலர் போனார்கள். 1981இல் கேப்டோப்ரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மற்ற ப்ரில்கள் எல்லாம் அதன் தம்பி தங்கைகள்.

"அப்போ நான் தினமும் பாம்பு விஷமா சாப்பிடறேன்?"

"இல்ல சித்தப்பா. எங்க பூட்டு இருக்குன்னு பாம்பு காட்டிக் கொடுத்துச்சு. சாவி நாம செஞ்சது."

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. வயது 27. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் விஷ ஜந்துக்களின் மரபணுவை வாசித்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறாள். அவளுக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரிலிருந்து கூம்பு நத்தை என்ற விஷக் கடல் நத்தை வேண்டும். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் அலைய முடியாது. சித்தப்பாவிடம் கார் இருக்கிறது, கடையைப் பார்த்துக்கொள்ள மச்சான் இருக்கிறார். அவ்வளவுதான், நான் டிரைவர் ஆகிவிட்டேன்.

சென்னையிலிருந்து கிளம்பி முதலில் வண்டியை நிறுத்தியது வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நத்தைக்காரிக்கு இங்கே என்ன வேலை என்றால், "விஷம்னா என்னன்னு முதல்ல கண்ணால பாருங்க, சித்தப்பா. அப்புறம் எழுத்தா பாக்கலாம்" என்கிறாள்.

பார்த்தேன். தரைமட்டத்துக்குக் கீழே மணல் போட்ட தொட்டி. சுற்றி வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி. ஒவ்வொரு பானைக்குள்ளும் ஒரு பாம்பு. ஒருவர் இறங்கி, துணியை அவிழ்த்து, பானையைச் சாய்த்தார். வெளியே வழுக்கி வந்தது நல்ல பாம்பு. படம் எடுத்து அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அவசரப்படவில்லை. ஒரு கையில் கம்பிக் கொக்கி, மறு கையால் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனோடு பேசுவதுபோல அதோடு ஏதோ முணுமுணுத்தார். பிறகு தலைக்குப் பின்னால் பிடித்து, மெல்லிய ரப்பர் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பை அதன் வாயருகே கொண்டுபோனார். கடித்தது. நல்லெண்ணெயில் தண்ணீர் கலந்த மாதிரி வெளிர் மஞ்சளாக நாலைந்து சொட்டு கண்ணாடியில் இறங்கியது. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒரு ஸ்பூன் இருமல் மருந்துகூடத் தேறாது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கும்தான் இங்கே. பிடித்து வந்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே திரும்பப் பிடிக்க மாட்டார்கள். எடுத்த விஷம் உறைய வைத்து உலர்த்திய தூளாக, விஷமுறிவு மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது. ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தவர்கள் இவர்கள். 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு நின்றுபோனது. பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978இல் சங்கம் தொடங்கியது. இவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

கடைசியாகச் சுருட்டை விரியனைக் காட்டினார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தன்னையே எட்டு மாதிரி சுருட்டிக்கொண்டு, செதிலோடு செதில் உரசி, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம். பாப்பா என் தோளைத் தட்டி, "டைரோஃபிபன்" என்றாள். மாரடைப்பில் வருகிறவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க நரம்பில் ஏற்றுவார்களே, 1998இல் வந்த மருந்து, அதன் மாதிரி கிடைத்தது இந்தச் சுருட்டையின் விஷத்திலிருந்துதான். ஆஸ்பத்திரிகளுக்கு நானே எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பில்லில் பாம்பின் பெயர் வருவதில்லை.

ராத்தங்கல் சிதம்பரம்.

இரண்டாம் நாள்: சிதம்பரம் முதல் மண்டபம் வரை

முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்த நாள். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி. வழியெல்லாம் உப்புக்காற்றும் ஸ்பீடு பிரேக்கரும். தொண்டி தாண்டி ஒரு கடையில் சாப்பிட்ட நண்டு ரசத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வண்டியில் வந்த பேச்சை மட்டும் எழுதுகிறேன். மரபணு வாசிப்பு என்றால் என்ன என்று அவள் மூன்று விதமாகச் சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நானே என் தொழிலுக்கு மாற்றிக்கொண்டேன். ஜீனோம் என்பது கடையின் மொத்த ஸ்டாக் லிஸ்ட். எல்லா செல்லிலும் அதே லிஸ்ட்தான் இருக்கும். ஆர்என்ஏ என்பது இன்றைக்கு இந்தக் கவுண்டரில் போட்ட பில். விஷச் சுரப்பி என்ற கவுண்டரில் எந்தச் சரக்கு ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் பில்லைப் பார்த்தால் போதும்.

"சித்தப்பா, இதை என் கைடு கேட்டா சந்தோஷப்படுவார்" என்றாள். கிண்டலா என்று தெரியவில்லை.

அப்புறம் கணக்குச் சொன்னாள். சோமசேகர் சேஷகிரி தலைமையிலான குழு 2020இல் நம் நல்ல பாம்பின் ஜீனோமை முழுசாக வெளியிட்டது. ஸ்டாக் லிஸ்டில் 23,248 மரபணு. விஷச் சுரப்பியில் பில் போடப்படுவது 12,346. இதில் நச்சு என்ற வகையில் சேருவது 139. அந்த 139இலும், வேறு எந்த உறுப்பிலும் பெரிதாக ஓடாமல் விஷச் சுரப்பியின் சொந்தச் சரக்காக இருப்பது 19தான்.

இந்தப் 19இல்தான் விஷயம். இன்றைக்கு விஷமுறிவு மருந்து என்று நாம் விற்பது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. நேற்றுப் பார்த்த அந்த மஞ்சள் சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்யும். ஆனால் அந்தக் குதிரை பிறந்ததிலிருந்து சந்தித்த எல்லாக் கிருமிக்கும் செய்த எதிர்ப்பும் அதே பாட்டிலில் சேர்ந்து வரும். சில பேருக்கு அதனாலேயே உடம்பு தடித்து, மூச்சு முட்டும். போதாததற்கு ராஜஸ்தான் நல்ல பாம்பின் விஷமும் நம் ஊர்ப் பாம்பின் விஷமும் ஒன்றில்லை. நம் ஊர் விஷத்தில் செய்த மருந்து அங்கே சரியாக வேலை செய்வதில்லை. 19 பெயர் கையில் இருந்தால் அந்த 19க்கு மட்டும் குறிவைக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2024இல் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு வகைக்கு எதிராக, குதிரை இல்லாமல், ஆய்வகத்திலேயே செய்த எதிர்ப்புப் புரதம். எலிகளைக் காப்பாற்றியிருக்கிறது. கடைக்கு வர இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாம்புக்கடியில் இந்தியாவில் வருடத்துக்கு 58,000 பேர் சாகிறார்கள் என்று ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரை எடுத்த சராசரி.

இருட்டிய பிறகு மண்டபம். இரண்டு பக்கமும் கடல் சத்தம்.

மூன்றாம் நாள்: மண்டபம்

விடிகாலை நாலரைக்கே எழுப்பிவிட்டாள். இங்கே கடலுக்கு இரண்டு பெயர். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கேட்கும்போதெல்லாம் இரண்டு தெருவைச் சொல்வதுபோலவே சொல்கிறார்கள். நாங்கள் போனது தென்கடல் கரை. எதிரே தெரிகிற தீவுகள் எல்லாம் 1986இல் அறிவித்த தேசியப் பூங்கா. அங்கே இறங்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பாப்பாவின் கோப்பில் அனுமதிக் கடிதங்களே ஓர் அங்குலத் தடிமன் இருக்கும். அவளுக்கு அனுமதி கிடைத்திருப்பது, பூங்காவுக்கு வெளியே மீனவர் வலையில் தானாக ஏறி வந்து, வேண்டாம் என்று ஒதுக்கியதில் எடுத்துக்கொள்ள மட்டும்.

நண்டு வலை போட்ட நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கரையில் தார்ப்பாயை விரித்து, வலையைப் பரப்பி, வீட்டில் உள்ள எல்லோரும் சுற்றி உட்கார்ந்து நண்டைப் பிரிக்கிறார்கள். காலொடியாமல் எடுத்தால்தான் விலை. நடுநடுவே பாசி, பவளத் துண்டு, சின்னச் சின்னச் சங்கு, கடல் அட்டை. கடல் அட்டையைப் பார்த்ததும் சட்டெனத் தண்ணீரில் எறிந்துவிடுகிறார்கள், பிடித்தால் வழக்கு. மற்றக் கழிவெல்லாம் ஒரு குவியல். பாப்பா அந்தக் குவியல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிளறினாள். நானும் கிளறினேன். எனக்கு எல்லாம் கல்லாகவே தெரிந்தது.

எழுதப் படிக்கத் தெரியாது என்று தானே சொல்லிக்கொண்ட ஒரு படகுக்காரர், ஐம்பது வயதிருக்கும், எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன தங்கச்சி தேடுற?"

அவள் போனில் படம் காட்டினாள். பார்த்ததும், "அட, இதுவா" என்று சொல்லி, பிரித்துக்கொண்டிருந்த வலையின் மறுகோடிக்குப் போய், அழுக்குப் பச்சையாகப் பாசி மூடிய ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார். அகலமான பக்கத்தைப் பிடித்துத்தான் கொடுத்தார். "குறுகின பக்கம் புடிக்காத. கொட்டும்."

அவள் பாசியைத் துணியால் துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து நிறம் வந்தது. பழுத்த பேரீச்சைப் பழுப்பு. அதன் மேல் வெள்ளைவெள்ளையாகக் கூடாரம் போட்ட மாதிரி முக்கோணங்கள். தலையில் கோபுரம் போலக் கூர்மையாக எழும்பிய சுருள். கோனஸ் அமாடிஸ் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும். கவிழ்த்தால் ஒரு நீளக் கீறல், அதற்குள்ளிருந்து மெதுவாகச் சாம்பல் நிறத்தில் ஒரு குழல் வெளியே நீண்டு, காற்றை முகர்ந்தது.

கூம்பு நத்தைக்கு ஓடத் தெரியாது. மீனையோ புழுவையோ இன்னொரு நத்தையையோ தின்றுதான் பிழைக்க வேண்டும். ஊர்கிற வேகத்தில் மீன் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே அடியில் சாய்க்க வேண்டும், தப்பி நாலடி நீந்திவிட்டால் சாப்பாடு போச்சு. அதனால் அதன் பல்லே ஈட்டியாகிவிட்டது. உள்ளே குழாய் உள்ள ஈட்டி. அம்பறாத்தூணியில் அம்பு மாதிரி ஒரு பைக்குள் அடுக்கி வைத்திருக்கும். ஒன்றை எய்தால் அது போனது, அடுத்தது. உலகத்தில் இந்த இனத்தில் ஆயிரத்தை நெருங்கும் வகைகள், ஒவ்வொன்றின் விஷத்திலும் நூற்றுக்கும் மேலான சின்னப் புரதங்கள். சில வகைகள் மனிதனையே கொன்றிருக்கின்றன. ஜியோகிராஃபஸ் என்ற வகை மீன் மேல் இன்சுலினைப் பாய்ச்சுகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். மீனுக்குச் சர்க்கரை இறங்கி, மயங்கி, வாய்க்குள் போய்விடும். சர்க்கரை மருந்து விற்கிற எனக்கு அதைக் கேட்டதும் லேசாக வயிற்றைக் கலக்கியது.

மருந்துக் கதைக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்த நத்தைகளை ஆராய ஆரம்பித்தார். அவரிடம் வேலை பார்த்த பையன்களில் ஒருவர் மைக்கேல் மெக்கிண்டோஷ், அப்போதுதான் பள்ளி முடித்து வந்தவர். கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் விஷத்தில் ஒரு கூறைத் தனியாகப் பிரித்தார். அதுதான் பிற்பாடு ஜிகோனோடைட். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலம் 25 கோத்தது. மார்ஃபினுக்கும் அடங்காத வலி உள்ளவர்களுக்குத் தண்டுவடத்தில் பம்ப் வைத்து ஏற்றுவது. மார்ஃபின் மாதிரி அடிமையாக்குவதில்லை. அமெரிக்க அனுமதி 2004 டிசம்பரில். நத்தையிலிருந்து பெட்டிக்கு வர கால் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் ஒரு கூறைப் பிரித்தெடுக்கக் குவியல் குவியலாக நத்தை வேண்டும். இன்றைக்குப் பாப்பாவுக்கு ஒன்று போதும்.

படகுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நண்டு பிரித்தார். முடிவில், "இதுலேர்ந்து மருந்து வந்தா எங்களுக்கு என்ன கெடைக்கும் தங்கச்சி?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நண்டு விலை கேட்கிற குரலில்.

"தெரியலண்ணே. சட்டத்துல பங்கு உண்டுன்னு இருக்கு. வந்து பாத்ததில்ல" என்றாள்.

"சரி" என்றார் அவர். அன்றைக்கு மேலும் இரண்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, டீக்கு மட்டும் சம்மதித்தார்.

நான்காம் நாள்: மண்டபம், ஒரு மொட்டைமாடி அறை

இன்றைக்கு என்னால் ஒரு நத்தை வீணானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்தவர் வீட்டு மாடியில் ஒரு மேஜையைத் துடைத்து, ஸ்பிரிட் தெளித்து, மறுபடி துடைத்து, அதன்மேல் பச்சைத் துணி விரித்து, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆக்கிவிட்டாள். மீன்காரர்கள் வாங்கும் ஐஸ் கம்பெனியில் ஒரு பார் ஐஸ் வாங்கி நான் உடைத்துப் பெட்டியில் போட்டிருந்தேன். பக்கத்தில் தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் உள்ள குட்டிக் குப்பிகள். அதில் போட்டால் ஆர்என்ஏ கெடாமல் இருக்கும்.

ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், டிஎன்ஏ கல்வெட்டு, ஆர்என்ஏ கோலம். மிதித்தால் அழிந்தது. அதை அழிக்கிற நொதி நம் வேர்வையிலேயே இருக்கிறது.

நத்தையை ஐஸில் வைத்து மரத்துப்போக விட்டாள். பிறகு சின்ன வைஸில் அதை ஓட்டோடு வைத்து, மெதுவாக இறுக்கினாள். பொட்டுக்கடலை உடைகிற சத்தம். அந்த அழகான ஓடு துண்டு துண்டாகப் பிரிந்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளும் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கத்தரியின் நுனியால் உடம்பை விரித்தாள். முதலில் கண்ணில் பட்டது அவரை விதை மாதிரி பளபளப்பான ஒரு தசைப் பை. அது பம்ப். அழுத்தினால் விஷம் பாயும். அதிலிருந்து கிளம்புகிறது விஷக்குழல். வெளிர் மஞ்சள், சேமியா தடிமன், சுருள் சுருளாக. இடுக்கியால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஓட்டின் நீளத்தைப் போல் பல மடங்கு. இத்தனூண்டு உடம்புக்குள் இதை எப்படி மடித்து வைத்திருந்தது! இதன் சுவரில்தான் விஷம் தயாராகிறது. பில் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பையைக் கீறி, ஒரு கண்ணாடித் தகட்டில் ஈட்டிகளைக் கொட்டினாள். லென்ஸில் பார்த்தேன். கண்ணாடி ஊசி. நுனியில் முள். எங்கள் கடையில் இவ்வளவு நேர்த்தியான ஊசி விற்றதில்லை.

முதல் நத்தை குப்பிக்குள் போனது. இரண்டாவதில்தான் நான் கெடுத்தேன். குழல் இடுக்கியிலிருந்து நழுவித் துணியில் விழப் பார்த்தது. நான் கையை நீட்டிப் பிடித்துவிட்டேன். உறை போடாத கை. கடையில் தவறும் மாத்திரைப் பாட்டிலைப் பிடித்துப் பழகிய கை.

"சித்தப்பா!"

"என்னம்மா?"

"போச்சு."

அப்படியே குப்பையில் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் நானே கரைக்குப் போய், படகுக்காரரைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரிசிரியென்று சிரித்தார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி சமாதானமான பிறகு அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டேன். குழலிலிருந்து ஆர்என்ஏ பிரித்து, அதை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதி, மெஷினுக்குக் கொடுப்பார்கள். கோடிக்கணக்கான துண்டுகளாக மரபணு எழுத்து வரும். கம்ப்யூட்டர் அதை ஒட்டுப்போடும். அதில் நச்சு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நத்தை ஓர் உதவி செய்கிறது. ஒவ்வொரு நச்சும் மூன்று துண்டாக எழுதப்படுகிறது. முன்னால் ஒரு விலாசத் துண்டு, நடுவில் ஓர் இணைப்பு, கடைசியில் நச்சு. நச்சுப் பகுதி வகைக்கு வகை ஏகத்துக்கு மாறும். விலாசத் துண்டு மட்டும் ஒரு குடும்பத்துக்குள் ஏறக்குறைய மாறவே மாறாது. உறையை வைத்துக் கடிதத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி. அதோடு நச்சுப் பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும்.

எழுத்து கிடைத்தால் வேலை முடிந்ததா? இல்லை. ஆறு சிஸ்டீன் இருந்தால் அவை இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கும். எந்த இரண்டு எந்த இரண்டோடு என்பதற்கு 15 வழி உண்டு. சரியான ஜோடி சேர்ந்தால்தான் அது நச்சு. மாறினால் சும்மா ஒரு நூல். எழுத்தில் இந்த ஜோடிப் பொருத்தம் எழுதியிருக்காது. தவிர, செய்த பிறகு நத்தை சில அமினோ அமிலங்களுக்குத் தனியாக மெருகு போடுகிறது. அதுவும் எழுத்தில் வராது. அதனால்தான் பழைய ஆட்களின் வேலை இன்னும் பெரிது என்கிறாள். பெங்களூரில் பி. பலராமும் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணனும் நம் கடற்கரைக் கூம்பு நத்தைகளின் விஷத்தை எடை போட்டே பிரித்துப் படித்தவர்கள். இதே அமாடிஸிலிருந்து வந்த ஏஎம்2766 என்ற நச்சு 2003இல் வெளியானது. பெயரிலுள்ள 2766 அதன் மூலக்கூற்று எடை. நரம்பில் சோடியம் போகும் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மீன் தின்னும் வகை உயிரோடு கிடைத்தால், கொல்லாமலே விஷம் எடுக்கலாம். ஒரு ஆணுறையை மீன் வாசம் வரும்படித் தேய்த்து முன்னால் நீட்டினால் நத்தை அதன்மேல் ஈட்டியை எய்யும். பல ஆய்வகங்களில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிளம்புமுன் இதைப் பாப்பா மெசேஜில்தான் கேட்டாள். நானும் மெசேஜிலேயே சரி என்றேன். மீன் தின்னும் வகை கிடைக்கவில்லை. பிரிக்காத பாக்கெட் திரும்பக் கடைக்கே வருகிறது.

ஐந்தாம் நாள்: ராமேஸ்வரம்

படகுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். ஒரு நாள் சும்மா. பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போவதைச் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தோம். எல்லோரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள், பின்னால் வருகிறவன் கத்துகிறான்.

கோயில் தெருவில் சங்குக் கடைகள். ஐவிரல் சங்கு, யானைமுள்ளி, சோழி மாலை, சங்கில் செய்த விளக்கு. ஒரு கடையில் நம் அமாடிஸ், மெருகேற்றி, சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "சங்கு சார்" என்றார் கடைக்காரர். விஷம் உள்ளதாமே என்றேன். "காலி ஓடு சார், ஒண்ணும் பண்ணாது" என்றார், நான் பேரம் பேசுவதாக நினைத்து.

கூம்பு நத்தைகளில் மில்னெட்வர்ட்ஸி என்று ஓர் அபூர்வ வகை உண்டு, சேகரிப்பவர்கள் குளோரி ஆஃப் இந்தியா என்பார்கள். அதற்கு மட்டும் வன உயிர்ச் சட்டத்தில் புலிக்கு இருந்த அதே பட்டியலில் இடம் கொடுத்தார்கள். பாக்கி நத்தைகளைச் சாவிக்கொத்தில்தான் பார்க்க வேண்டும் போல.

ஆறாம் நாள்: மண்டபம், திருச்சி

காலையில் படகுக்காரர் ஒன்று கொண்டுவந்தார். இந்தத் தடவை நான் அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன், கையைக் கட்டிக்கொண்டு. பத்து மணிக்குப் பெட்டி தயார். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. வழியில் இரண்டு தடவை ஐஸ் மாற்றினோம், ஒன்று ஜூஸ் கடையில்.

வண்டியில் படகுக்காரரின் கேள்வி திரும்ப வந்தது. நான்தான் கிளப்பினேன். 2002இல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி இங்கிருந்து ஓர் உயிரை எடுத்து வியாபாரம் செய்தால் உள்ளூருக்குப் பங்கு தர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. சரி, ஆனால் பாப்பா இந்த எழுத்துகளைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டே ஆக வேண்டும், கட்டுரை வெளியிட அதுதான் விதி. போட்டுவிட்டால் உலகத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். அந்தப் புரதத்தை மெஷினில் செய்துகொள்ளலாம். மண்டபத்துக்கு வர வேண்டாம், நத்தையைத் தொட வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

"அப்போ நீ போடாதே."

"போடலன்னா நானும் இன்னொருத்தர் போட்டதை வச்சுத்தானே சித்தப்பா ஒப்பிட்டுப் பாக்குறேன்? அது மட்டும் நியாயமா?"

இதற்காக ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரத்தில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டது. மரபணு எழுத்தை வைத்துச் சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 1 சதவீதமோ வருமானத்தில் 0.1 சதவீதமோ ஒரு நிதியில் போட வேண்டும், அதில் பாதியாவது உள்ளூர் மக்களுக்கும் பழங்குடிகளுக்கும் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் நிதியும் தொடங்கியாயிற்று. போட வேண்டும் என்றால், மனமிருந்தால். கட்டாயம் இல்லை. கடனுக்கு மருந்து கொடுத்து 22 வருடம் வசூல் பண்ணியவன் நான். மனமிருந்தால் என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். பாப்பா என் அளவுக்கு அவநம்பிக்கைப்படவில்லை, சின்ன வயது.

ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் கிளம்பினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள், கீழே வைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து

இதைப் போட மறந்தே போனேன். நேற்று ராத்திரி பாப்பா ஒரு படம் அனுப்பினாள். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக எழுத்து. சிஸ்டீன் வருகிற இடமெல்லாம் மஞ்சள். பாதி குப்பை, கால்வாசி எல்லோருக்கும் தெரிந்த சரக்கு என்று எழுதியிருந்தாள். பழைய ஏஎம்2766 அப்படியே இருக்கிறதாம், ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்ததாம். இரண்டு மூன்று மட்டும் இதுவரை யாரும் பதிவு செய்யாத மாதிரி தெரிகிறது, கம்ப்யூட்டர் ஒட்டுப்போட்டதில் வந்த பிழையாகவும் இருக்கலாம், சரிபார்க்க இன்னொரு நத்தை வேண்டும் என்றாள்.

காலையில் கடை திறந்து, ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மண்டபம் நம்பர். பின்னால் காற்றும் கடலும்.

"சார், அந்தக் கொட்டற சங்கு ரெண்டு கெடக்கு. வாளியில தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். பெருசு. ஒண்ணு வேற மாரி இருக்கு, கோடு கோடா. இதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. தங்கச்சிகிட்ட சொல்லுங்க. எத்தன நாள் வச்சிருக்கலாம்?"